அயோவாவுக்கு முந்தைய மாதங்கள்: ஜனநாயகக் கட்சியின் விதிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் விதிமுறைக் குழுவில் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2028ஆம் ஆண்டு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்களில் எந்த மாநிலம் முதலில் வாக்களிக்க வேண்டும் என்பதை வகுக்கும் பொறுப்பு உங்கள் குழுவிடம் இருக்கிறது. நான் நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்ப் பெண். உங்கள் கட்சியில் பதிவு பெற்ற வாக்காளர். இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி என்னைச் சுற்றித் தமிழில்தான் கேட்கப்பட்டது. அதைக் கேட்டவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டு கோடையில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் கூடிய இடங்களிலெல்லாம், அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியிருந்த கமலா ஹாரிஸைப் பற்றிய பேச்சு இருந்தது. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, 1958இல் மேற்படிப்புக்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மீது இயல்பான பற்று இருந்தது. ஆனால் அவருடைய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ன, அரசு வழக்கறிஞராக அவர் எடுத்த முடிவுகள் சரியா என்றெல்லாம் பேசியவர்கள் மிகச் சிலரே. பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றது: தகுதியானவர்தான், ஆனால் வெள்ளையர்கள் இவருக்கு ஓட்டுப் போடுவார்களா? நானும் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, என்னால் கொடுக்க முடிந்த சிறு தொகையை வேறொரு வேட்பாளருக்கு அனுப்பினேன். அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று, போட்டியைத் தொடரப் போதிய பணமில்லை என்று அறிவித்து அவர் விலகினார். அப்போது ஒரு மாநிலத்தில்கூட ஒரு வாக்கும் பதிவாகியிருக்கவில்லை. என்னைப்போல் கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ என்ற எண்ணம் அன்றிரவு தொடங்கி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவர் அதிபர் வேட்பாளராக வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு, நாடு பக்குவப்பட்டுவிட்டதா என்ற கோணத்திலேயே எல்லோரும் விடை தேடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான உங்கள் கட்சியின் வரலாற்றைப் படித்துப் பார்த்தபோது, அந்த விடையின் பெரும்பகுதி உங்கள் குழு எழுதும் விதிகளில்தான் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் அவர் உட்கட்சித் தேர்தல்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் அவருக்குக் கிடைத்ததோ, அங்கு வாக்களிக்கும் மாநிலப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஒரு தொகுதியில் 20 விழுக்காடு வாக்கைத் தொடாதவருக்குப் பிரதிநிதி இல்லை என்ற வரம்பும், முதலிடம் பெற்றவருக்கே அள்ளிக் கொடுக்கும் முறைகளும் சேர்ந்து அவருக்கு விழுந்த வாக்குகளில் பலவற்றைக் கணக்கில் வராமல் ஆக்கின. 1988இல் அவர் மீண்டும் நின்றபோது வரம்பு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. மார்ச் 8 அன்று, சூப்பர் செவ்வாய் எனப்படும் பல மாநிலத் தேர்தல் நாளில், அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களை அவர் வென்றார். அதே மாத இறுதியில் மிச்சிகனிலும் பெரும்பான்மை பெற்று, சில நாட்களுக்கேனும் முன்னணி வேட்பாளர்களில் ஒருவராக நின்றார். மொத்தம் எழுபது இலட்சத்தை நெருங்கும் வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. அப்படியிருந்தும், ஜாக்சனுக்கு என்னதான் வேண்டும் என்றே செய்தியாளர்களும் கட்சிப் பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற வேட்பாளர்களுக்கு அதிபர் பதவி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியிருந்தது; அவருக்கும் அதுவேதான் வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

வேட்பாளராகத் தேர்வானவர் மைக்கேல் டுகாகிஸ். ஆனால் தோல்விக்குப் பின் ஜாக்சனின் தரப்பு கேட்டுப் பெற்ற ஒன்றுதான் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து என்று நான் கருதுகிறேன். 1992 முதல் எல்லா மாநிலங்களிலும், 15 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு அவரவர் வாக்கின் அளவுக்கேற்பவே பிரதிநிதிகள் பகிரப்பட வேண்டும் என்று விதி வந்தது. அதன் பலனை அறுவடை செய்தவர் இருபது ஆண்டுகள் கழித்து வந்த இன்னொருவர்.

2008 பிப்ரவரி 5 அன்று நான் நியூ ஜெர்சியில் வாக்களித்தேன். எங்கள் மாநிலத்தில் ஹில்லாரி கிளிண்டன் ஏறத்தாழப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பிரதிநிதிகள் 59க்கு 48 என்று பிரிந்தார்கள். அதாவது இவ்வளவு மக்கள் வாழும் மாநிலத்தில் வென்றதால் அவருக்குக் கிடைத்த முன்னிலை 11 பேர். அதே நாளில் ஐடஹோ என்ற மக்கள்தொகை குறைந்த மலைநாட்டு மாநிலத்தில், கட்சியினர் நேரில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டங்களில் பராக் ஒபாமா 15க்கு 3 என்ற கணக்கில் வென்று 12 பேர் முன்னிலை பெற்றார். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் அனைத்தையும் ஒரே நாளில் இழந்தும், அன்றிரவு பிரதிநிதிக் கணக்கில் ஒபாமா ஏறத்தாழச் சமநிலையில் நின்றார். வென்றவருக்கே அனைத்தும் என்ற பழைய முறை நீடித்திருந்தால் அவருடைய பயணம் அந்த இரவோடு முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த இரவுக்கு அவர் வந்து சேர்ந்ததே, அப்போது முதலில் வாக்களித்த மாநிலமான அயோவாவால்தான். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் கறுப்பின வாக்காளர்களிடையேகூட ஒபாமாவைவிடக் கிளிண்டனுக்கே ஆதரவு மிகுந்திருந்தது. கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸே அந்த அக்டோபரில் கிளிண்டனுக்குத்தான் ஆதரவு தெரிவித்தார். பிப்ரவரியில்தான் ஒபாமாவின் பக்கம் வந்தார். இதை நம்பிக்கைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். பலமுறை ஏமாந்த மக்கள், தங்கள் வாக்கை வீணாக்க அஞ்சி, முதலில் ஆதாரத்தைக் காட்டு என்று கேட்டார்கள். ஆதாரம் 2008 ஜனவரி 3 அன்று வந்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வெள்ளையர்களான அயோவாவில், கிளிண்டன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட, ஒபாமா முதலிடம் பெற்றார். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் தோற்றபோதும் அந்த ஆதாரம் அழியவில்லை. ஜனவரி 26 அன்று, கறுப்பின வாக்காளர்கள் மிகுந்த தென் கரோலினாவில் அவர் 55 விழுக்காடு பெற்றார், கிளிண்டன் 27.

இந்த வரிசையைப் பொறுமையாகக் கவனிக்குமாறு உங்களை வேண்டுகிறேன். வெள்ளையர் மாநிலம் முதலில் வாக்களிப்பதே சிறுபான்மை வேட்பாளர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று சில ஆண்டுகளாகப் பலர் சொல்லி வருகிறார்கள். 2019இல், லத்தீன அமெரிக்க வழி வந்த வேட்பாளர் ஹூலியன் காஸ்ட்ரோ அதை வெளிப்படையாகச் சொன்னபோது நானும் கைதட்டினேன். கட்சியின் வாக்காளர்களைப் பிரதிபலிக்காத அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய இரண்டு மாநிலங்களுக்கு நிரந்தர முதலுரிமை கொடுப்பது சரியில்லை என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020இல் நடந்ததை நாள்வாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், குற்றம் அயோவாவின்மீது மட்டும் இல்லை. ஹாரிஸ் டிசம்பர் 3 அன்று விலகினார். காஸ்ட்ரோ ஜனவரி 2 அன்று விலகினார். நியூ ஜெர்சியின் செனட்டர் கோரி புக்கர் ஜனவரி 13 அன்று விலகினார். அயோவா வாக்களித்தது பிப்ரவரி 3 அன்று. அயோவாவின் வாக்காளர்கள் இவர்களை நிராகரிக்கவில்லை. நிராகரிக்கும் வாய்ப்புகூட அவர்களுக்குத் தரப்படவில்லை.

இவர்களை வெளியேற்றியது அதற்கு முந்தைய மாதங்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இடம்பெற முதலில் மூன்று கருத்துக்கணிப்புகளில் 1 விழுக்காடு, அல்லது 65,000 நன்கொடையாளர்கள் போதும் என்றிருந்த தகுதியைக் கட்சி படிப்படியாக உயர்த்தி, 2020 ஜனவரி விவாதத்துக்கு 2,25,000 நன்கொடையாளர்களும், நான்கு கணிப்புகளில் 5 விழுக்காடோ தொடக்க மாநிலங்களின் இரண்டு கணிப்புகளில் 7 விழுக்காடோ வேண்டும் என்று ஆக்கியது. அந்த ஜனவரி 14 அன்று அயோவாவின் டெ மொய்ன் நகர மேடையில் நின்ற ஆறு பேரும் வெள்ளையர்கள். வரலாற்றிலேயே மிகப் பல்வகைப்பட்ட வேட்பாளர் பட்டியல் என்று கட்சி பெருமைப்பட்ட அதே ஆண்டில், முதல் வாக்குக்கு முன்னரே மேடை இப்படி ஆகியிருந்தது. பின்னர், ஜனவரி இறுதியில், நன்கொடையாளர் எண்ணிக்கை என்ற நிபந்தனையே நீக்கப்பட்டது. தம் சொந்தப் பணத்தில் போட்டியிட்ட மைக்கேல் புளூம்பெர்க் அடுத்த மாத லாஸ் வேகஸ் மேடையில் ஏறினார். உள்நோக்கம் இருந்ததாக நான் கூறவில்லை. ஆயினும், இலட்சக்கணக்கானோரிடம் சிறுதொகை திரட்டப் போராடிய ஒருவர் வெளியேறிய சில வாரங்களில், பெரும் செல்வந்தர் ஒருவருக்குக் கதவு அகலத் திறந்ததைப் பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேடைக்கு வெளியே நிறுத்தப்படுவது இந்தக் கட்சியில் புதிதுமன்று. 1972இல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஷெர்லி சிஸம், நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண், கலிபோர்னியாவில் நடந்த தொலைக்காட்சி விவாதங்களில் சேர்க்கப்படவில்லை. நீதிமன்றத்தை நாடித்தான் தமக்குரிய ஒளிபரப்பு நேரத்தைப் பெற்றார். மயாமி பீச் மாநாட்டில் அவர் பெயருக்கு 152 பிரதிநிதி வாக்குகள் விழுந்தன.

2020இன் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினா வாக்களித்தது. அங்கு ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அயோவாவில் நான்காம் இடமும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடமும் பெற்றிருந்த ஜோ பைடனுக்கு, அம்மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் மூன்று நாட்களுக்கு முன் ஆதரவளித்தார். பைடன் பெருவெற்றி பெற்றார். ஒபாமாவின் துணை அதிபராக எட்டாண்டுகள் பணியாற்றியவர்மீது அம்மக்களுக்கு இருந்த நம்பிக்கை உண்மையானது. ஹாரிஸும் புக்கரும் களத்தில் இருந்தபோதே கணிப்புகளில் கறுப்பின வாக்காளர்களிடம் பைடன்தான் முன்னிலையில் இருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாளில் அவர்கள்முன் வைக்கப்பட்ட போட்டியில் கறுப்பின வேட்பாளர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. 2007இல் கேட்டதுபோல ஆதாரத்தைக் காட்டு என்று அவர்கள் கேட்டிருக்கலாம். காட்டுவதற்கு எவரும் இல்லை.

2024இல் தென் கரோலினாவை முதல் மாநிலமாக்கினீர்கள். அதன் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பதவியிலிருந்த அதிபரே போட்டியிட்ட ஆண்டில் அந்த மாற்றம் எதையும் சோதிக்கவில்லை. பின்னர் பைடன் ஜூலை 21 அன்று விலக, ஹாரிஸ் ஒரு மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலிலும் தம் பெயரில் வாக்குக் கேட்காமலே வேட்பாளரானார். 2019இல் நாங்கள் கேட்ட கேள்விக்கு உட்கட்சித் தேர்தல் விடை சொல்ல அவர் விஷயத்தில் இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. நவம்பரில் அவர் தோற்றபோது, பார்த்தாயா, அப்போதே சொன்னோமே என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவர் சொன்னார். அந்தச் சொல் 2028இல் அடுத்தவர்மீது விழும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் நான்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எது முதல் என்ற போட்டியைவிட, அவற்றுக்கு இடையே எத்தனை நாள் என்பதைக் கவனியுங்கள். ஒபாமாவின் அயோவா வெற்றிக்கும் தென் கரோலினா வெற்றிக்கும் இடையே மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தன. வாக்காளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் துணிவு பெற அந்த நாட்கள் தேவைப்பட்டன. தொடக்க மாநிலங்கள் சிறியவையாக இருக்கட்டும். பெரிய மாநிலத்தில் விளம்பரத்துக்கு ஆகும் செலவை முன்பே புகழ்பெற்றவர்களும் செல்வந்தர்களுமே தாங்குவார்கள். ஐடஹோவைப் போன்ற இடத்தில் தொண்டர்கள் வீடுவீடாக நடந்தும் வெல்லலாம். நான்கில் ஒன்றேனும் கறுப்பின வாக்காளர்கள் முடிவு செய்யும் மாநிலமாகவும், ஒன்றேனும் லத்தீன அமெரிக்க வழியினரும் ஆசியரும் கணிசமாக வாழும் நெவாடா போன்ற மாநிலமாகவும் இருக்க வேண்டும். மீதமுள்ளவற்றில் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநிலம் இருந்தால் அதை நான் எதிர்க்கமாட்டேன். அங்கு வெல்வதே எங்களில் பலரின் அச்சத்தைத் தீர்க்கும் மருந்தாக ஒருமுறை இருந்திருக்கிறது.

விவாத மேடையைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் இன்னும் உறுதியானது. ஒருமுறை தகுதி பெற்ற வேட்பாளரை, முதல் நான்கு மாநிலங்கள் வாக்களித்து முடியும்வரை, நன்கொடையாளர் எண்ணிக்கையையோ கருத்துக்கணிப்பையோ காட்டி மேடையிலிருந்து இறக்காதீர்கள். மேடையில் கூட்டம் மிகுந்தால் இரண்டு இரவுகளாகப் பிரியுங்கள். 2019 ஜூனில் மயாமியில் அப்படித்தான் நடத்தினீர்கள், அந்த இரவுகளில்தான் ஹாரிஸை நாடு முழுவதும் கவனித்தது. பத்துப் பேருக்கு மேல் களத்தில் இருக்கும் ஆண்டுகளில் 15 விழுக்காடு வரம்பு 1984இன் 20 விழுக்காட்டைப் போலவே வேலை செய்கிறது என்பதால், தொடக்க மாநிலங்களுக்கு மட்டுமாவது அதை 10ஆகக் குறைப்பதைப் பரிசீலியுங்கள். மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் தம் பதவியால் பிரதிநிதிகளாகும் கட்சித் தலைவர்கள், வாக்களிப்பதில்லை என்று 2018இல் எடுத்த முடிவிலிருந்து எந்தக் காரணத்துக்காகவும் பின்வாங்க வேண்டாம்.

எங்கள் மாநிலம் பெரும்பாலும் ஜூன் மாதத்தில், போட்டி முடிந்த பிறகுதான் வாக்களிக்கிறது. ஆகவே நியூ ஜெர்சிக்காக நான் எதையும் கேட்கவில்லை. அடுத்த முறை என் வீட்டுக் கூடத்தில் அந்தக் கேள்வி எழும்போது, விடைக்காக நாங்கள் காத்திருக்க ஆயத்தமாக இருக்கிறோம். அந்த விடை வாக்குப்பெட்டியிலிருந்து வரும்வரை வேட்பாளரைக் களத்தில் நிற்க விடுங்கள். இம்முறை என் நன்கொடையை நான் சரியான இடத்துக்கு அனுப்புவேன்.

மரியாதையுடன்,
நியூ ஜெர்சி வாக்காளர் ஒருவர்