குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தெருவாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சாலை, சாக்கடை, குடிநீர் மனுக்களின் நிலை தனித்தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். போன பொதுக்குழுவில் போட்ட புற்றுநோய்த் தடுப்புத் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். குறுக்குத் தெரு அண்ணன் வாய்ப்புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அவர் பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் பாக்குப் பொட்டலம் இருக்கும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. நாம் இன்னும் 'வெறும் பாக்குதானே' என்கிறோம். பொங்கல் விருந்தில் பீடா வைப்பதை இந்த வருஷம் நிறுத்தினோம். சிலருக்கு மனவருத்தம். தாம்பூலத் தட்டில் மரியாதைக்கு வைப்பதை யாரும் தடுக்கவில்லை. மெல்லுவதைத்தான் விடச் சொல்கிறோம்.

அடுத்து பெட்டிக்கடை. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். ஜூலையில் நானும் துணைச் செயலாளரும் டேப் பிடித்து அளந்தோம். பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து கடைப் பலகை வரை 58 மீட்டர்தான். "இதை எடுத்துட்டா அன்னாடம் என்னத்தை விக்கிறது தம்பி?" என்று கடைக்கார அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் புகார் எழுதாமல் மூன்று தடவை போய்ப் பேசினோம். சிகரெட் இருந்த கண்ணாடிப் பெட்டியில் இப்போது கடலை மிட்டாய் இருக்கிறது. சரம் சரமாகத் தொங்கிய பாக்குப் பொட்டலங்களும் போய்விட்டன. மாலையில் பள்ளி விட்ட அரை மணி நேரத்தில் சுண்டல் குண்டான் காலி. இந்த வருஷத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை இதுதான்.

நடைப்பயிற்சிக் குழு முதலில் சரியாக நடக்கவில்லை. வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடந்தால் பெருங்குடல், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும் என்று துண்டறிக்கை கொடுத்தோம். ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. காரணம் சோம்பல் இல்லை, இருட்டு. பூங்காவின் பின்பக்கத்தில் இரண்டு விளக்குகள் எரியாமல் கிடந்தன. நாலு மாதம் அலைந்து அவற்றை எரிய வைத்தோம். அப்புறம் சமையல் முடித்து ஏழரை மணிக்கு வரும் பெண்கள் கூட்டம் ஆண்களை மிஞ்சிவிட்டது. துண்டறிக்கைக்கு ஆன செலவை முதலிலேயே விளக்குக்காக அலைவதில் போட்டிருக்க வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். வந்திருந்த டாக்டர் அம்மா, உடல் பருமனோடு 13 வகைப் புற்றுநோய்களுக்குத் தொடர்பு இருப்பதை விளக்கினார். வாட்ஸ்அப்பில் வரும் 'இதைக் குடித்தால் புற்றுநோயே வராது' செய்திகளை நம்பாதீர்கள், கீரை, பயறு, சிறுதானியத்தைத் தினசரித் தட்டில் கூட்டுங்கள், மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றார். கடைசி விஷயத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. ஆனாலும் சங்க நிகழ்ச்சிகளில் மது கூடாது என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

பாக்கி நிற்பவை: பூங்காக் கதவை காலை ஐந்து மணிக்கே திறக்கக் கேட்ட மனு, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய இரண்டாவது பெட்டிக்கடை. அந்தக் கடையை வருகிற ஞாயிறு அளக்கிறோம். டேப் என் வீட்டில் இருக்கிறது. கூட வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்