எல்லா வண்டிக்கும் ஆயில் கூலர் வேண்டாம்: டேங்கர் டிராக்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரை ஒட்டிய வர்த்தூர், சர்ஜாபூர், ஆனேக்கல் பக்கம் பழைய டிராக்டர்களில் தண்ணீர் டேங்கர் இழுக்கும் முதலாளிமார்களுக்கும் டிரைவர் தம்பிகளுக்கும் வணக்கம்.

கோடைக்குள் எல்லா வண்டிக்கும் எஞ்சின் ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலர் மாட்டிவிடலாம், மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று உங்களுக்குள் பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். விற்கிறவர் வந்து பேசிவிட்டும் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வதாகத் தகவல். உங்களில் பாதிப் பேருடைய எஞ்சினைப் பிரித்துக் கோத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மொத்தமாக வாங்காதீர்கள். கூலர் கெட்ட சாமான் இல்லை. சில வண்டிகளுக்கு அது கட்டாயம் வேண்டும். பல வண்டிகளுக்கு வீண் செலவு. இரண்டொன்றுக்கு எஞ்சினுக்கே உலை வைத்துவிடும். எந்த வண்டி எந்த ரகம் என்று பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வண்டி சூடாகிறது என்று டிரைவர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. மகிந்திரா பி-275, மாஸி 1035 எல்லாம் உழவுக்குச் செய்த வண்டிகள், 35 குதிரைத்திறன் அளவில் உள்ளவை. 5000 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 5 டன். டிரெய்லர் எடை தனி. மேடு ஏறி, சிக்னலில் நின்று, அபார்ட்மென்ட் வாசலில் எஞ்சின் சுழற்சியைப் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வைப் போட்டு மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது வண்டி நகராமலே முழு மூச்சில் உழைக்கிறது. 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது இந்த எஞ்சின்கள் ராத்திரியும் ஓய்வில்லாமல் ஓடின. அந்தத் தேய்மானம் இப்போதுதான் தெரிகிறது.

இதில் ஊரின் பங்கும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு இங்கே கிடைக்கும் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் பம்போ கடல் மட்டத்து ஊர்க் கணக்கில்தான் ஊற்றுகிறது. அதற்கு மேல் நீங்கள் இழுவை போதவில்லை என்று பம்ப் செட்டிங்கை வேறு ஏற்றி வைத்திருக்கிறீர்கள். எரியாத டீசல் கரும்புகையாகப் போகிறது, சூடு எஞ்சினிலேயே தங்குகிறது. இன்னொன்று, இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று கொதிநிலை 100-க்கு மேல் ஏறும். உங்கள் வண்டிகளில் எத்தனையில் மூடி சரியாக இருக்கிறது? ரப்பர் செத்த மூடி, சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட மூடி, மூடியே இல்லாமல் கோணித்துணியைத் திணித்த வாய், எல்லாம் பார்த்தாயிற்று.

அப்புறம் தண்ணீர். ஊருக்கே தண்ணீர் சுமக்கும் வண்டியின் ரேடியேட்டருக்கும் அதே போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். போன மழைக்காலத்தில் ஒரு எச்.எம்.டி. 2511 வந்தது. (எச்.எம்.டி. பெங்களூர் கம்பெனி என்றாலும், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தில் இந்த டிராக்டரைச் செய்தது ஹரியானாவின் பிஞ்சோரில், 1971 முதல். பெங்களூரிலேயே செய்த வண்டி என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) ஆயில் கொதிக்கிறது, கூலர் போடணும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். சிலிண்டர் ஸ்லீவை உருவிப் பார்த்தால், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் முழுக்க மஞ்சள் கலந்த வெள்ளைப் படிவு. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வருகிறது. பின்பக்கம், தண்ணீர் சுற்றவேண்டிய இடத்தில், விரல்கூட நுழையவில்லை. இந்தச் சுண்ணாம்பு, இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தாது. சிலிண்டரின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் பிஸ்டனிலும் ஆயிலிலும்தான் இறங்கும். அந்த வண்டிக்குப் படிவை எடுத்து, ரேடியேட்டருக்கான கூலன்ட் திரவம் ஊற்றி, ஃபேன் பெல்ட்டை மாற்றி அனுப்பினோம். கூலர் பேச்சு அப்புறம் வரவில்லை.

படிவை எடுக்கிறேன் என்று கழிவறை ஆசிடை ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் அலுமினியப் பாகங்களையும் சேர்த்துத் தின்னும். சிட்ரிக் ஆசிட் கரைசல் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் காரியம் ஆகும்.

ஆயில் சூட்டுக்கு மற்ற காரணங்களும் உங்களுக்குத் தெரிந்தவைதான்: ரேடியேட்டர் கோரில் அடைத்த தூசி, கழற்றி எறிந்த ஃபேன் கவசம், ஒழுகும் டீசல் நாசில், தேய்ந்த பிஸ்டன் ரிங். எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாகப் புகை வருகிற வண்டியில் எரிந்த வாயு நேராக அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி ஆயிலைச் சுடுகிறது. அதற்கு எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் நோய் போகாது, ரிங்தான் மாற்றவேண்டும்.

சரி, ஆயில் எவ்வளவு சூடாக இருக்கலாம்? சம்ப்பில் 90 முதல் 110 டிகிரி வரை இருந்தால் கவலையே வேண்டாம். 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஆயில் வேகமாகக் கெடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது ஆயில்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஆயில் நீர்த்துப்போய், ஐடிலில் (லோடில்லாமல் சும்மா ஓடும்போது) ஆயில் பிரஷர் முள் கீழே படுத்தால் பேரிங்குக்கு ஆபத்து. இதையெல்லாம் கூலர் விற்கிறவரும் சொல்லியிருப்பார். சொல்லாத பாதி ஒன்று உண்டு. ஆயில் 80 டிகிரியைத் தொடாமலே ஓடினாலும் எஞ்சின் கெடும். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். டிசம்பர் காலையில் இங்கே 15 டிகிரி. ஃபில்லிங் பாயிண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு அபார்ட்மென்ட், அங்கே இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திவிடுகிற வண்டிக்குக் கூலர் மாட்டினால் ஆயில் சூடாகவே ஆகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் அந்த வண்டிக்குக் கூலர் பற்றிப் பேசவே வேண்டாம்.

விலை குறைவு என்பதன் ரகசியத்தையும் கேளுங்கள். அவர் காட்டிய சாமானில் பாதி, லாரி எஞ்சினிலிருந்து கழற்றியது. என்னிடம் ஒன்று மாதிரிக்கு வந்தது. டீசலை ஊற்றிக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியை வெயிலில் பிடித்தால் ஜிகினா தூவியதுபோல மின்னியது. அது பேரிங் உலோகத் தூள். ஏதோ ஒரு லாரியின் எஞ்சின் செத்தபோது அந்தக் கூலரில் போய் உட்கார்ந்தது. உள்ளே மெல்லிய தட்டுகளுக்கு நடுவே ஒட்டியிருப்பதை எவ்வளவு கழுவினாலும் முழுக்க எடுக்கமுடியாது. ஆயில் சூடாகிச் சுழலும்போது அது கிளம்பி உங்கள் எஞ்சினின் கிராங்குத் தண்டுக்கு வரும். காயலான் கடைக் கூலர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு வேண்டும்? உங்களிடம் ஓடும் பழைய ஏர்கூல் (காற்றால் குளிரும்) ஐஷர் டிராக்டர்கள் முதல் வரிசை. அவற்றில் ரேடியேட்டரே கிடையாது, காற்றும் ஆயிலும்தான் சூட்டைச் சுமக்கவேண்டும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் பம்ப் ஓட்டினால் ஆயில் திணறிப்போகும். அதற்கும் முன்னால் சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே ஆயிலும் மண்ணும் சேர்ந்து இறுகிக் கிடப்பதைச் சுரண்டி எடுங்கள். அடுத்து, ரேடியேட்டர், பம்ப், ரிங் எல்லாம் ஒழுங்காக இருந்தும் 120-ஐத் தாண்டுகிற வண்டிகள். அவ்வளவுதான் என் பட்டியல்.

மாட்டுகிறவர்கள் தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் இல்லாமல் மாட்டாதீர்கள். ஆயில் சூடாகும்வரை கூலருக்குப் போகாமல் அதுதான் தடுக்கும். கூலரை ரேடியேட்டரின் முகத்திலேயே ஒட்டிவைத்தால் அதன் சூட்டையே ரேடியேட்டர் உறிஞ்சும், காற்றும் குறையும். பக்கவாட்டில் இடைவெளி விட்டு, ரப்பர் புஷ் வைத்துப் பிடியுங்கள், இந்த எஞ்சின்களின் அதிர்வில் நேராக வெல்டு வைத்தது நிற்காது. ஹோஸ், சூட்டையும் பிரஷரையும் தாங்கும் ஆயில் ஹோஸாக இருக்கவேண்டும். தண்ணீர் ஹோஸில் கிளிப் போட்டு இறுக்கிய வேலையைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நடுரோட்டில் அது பிடுங்கிக்கொண்டால் டிரைவர் முள்ளைப் பார்ப்பதற்குள் சம்ப் காலியாகிவிடும். சில பழைய எஞ்சின்களில் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகப் போவதில்லை, ஒரு பங்குதான் போகும். அங்கே ஃபில்டர் லைனில் கூலரைச் சேர்த்துப் பெரிய பலன் கிடையாது. மாட்டியபின் சூடான ஐடிலில் பிரஷர் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தே வண்டியை ரோட்டுக்கு விடுங்கள்.

பர்மிட், வாடகை, லோடு கணக்குப் பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை, அது உங்கள் பாடு. கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: முதல் செலவு ஒவ்வொரு வண்டிக்கும் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர், நல்ல ரேடியேட்டர் மூடி, கூலன்ட். இரண்டு வாரம் லோடோடு ஓட்டி, பம்ப் ஓடி முடிந்த கையோடு மீட்டர் காட்டும் டிகிரியை டிரைவர் குறித்துக்கொள்ளட்டும். அந்த நோட்டைப் பார்த்தபின் யாருக்குக் கூலர் என்று பேசலாம். விற்கிறவர் நல்லவராக இருந்தால் அதுவரை காத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். டிப்ஸ்டிக் துளையில் விடுகிற தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது. முடிந்தவர்கள் வண்டியை வீட்டிலிருந்து சும்மா ஓட்டிக்கொண்டு வராமல் ஒரு லோடு இறக்கிவிட்டு நேராக ஓட்டி வாருங்கள், எஞ்சினை அணைத்தவுடன் பார்க்கவேண்டும். ஐஷர் வைத்திருப்பவர்கள் முதலில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சந்தாபுரா பக்கத்து டிராக்டர் மெக்கானிக்