புகையிலைக் கட்டி: எடைக்கு முன் பதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கானில் இட்டுப் புகைக்கும் உதிரிப் புகையிலையை வீட்டிலேயே கட்டியாக அழுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, எவ்வளவு எடை ஏற்ற வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பப் பேசுகிறது. பலமுறை அழுத்திப் பார்த்து, அவற்றில் பாதியைக் குப்பையில் கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டி சேர்வதும் சேராததும் முதலில் இலையின் பதத்தைப் பொறுத்தது.

காய்ந்த இலையை எத்தனை இறுக்கினாலும், பிடியைத் தளர்த்தியதும் உப்பி உதிர்ந்துவிடும். கிள்ளினால் நொறுங்காமல் வளைய வேண்டும். விரலில் ஈரம் ஒட்டவும் கூடாது. சிறிது நேரம் ஆவியில் காட்டினால் இலை துவண்டு, அதில் இயல்பாக உள்ள சர்க்கரையும் பிசினும் இளகிப் பிடிப்பைத் தருகின்றன. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா வகைப் புகையிலை எளிதில் சேர்வதும், சர்க்கரை மிகக் குறைந்த பர்லி வகை முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

எடையைப் பேசிய கட்டுரையாளர், இலையை இட்டு அழுத்தும் அச்சின் பரப்பை விட்டுவிட்டார். 10 செ.மீ. சதுர அச்சில் 20 கிலோ வைத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு விழுவது 200 கிராம்தான். அச்சை 5 செ.மீ. சதுரமாகக் குறைத்தால் அதே எடை நான்கு மடங்கு அழுத்தும். புத்தக அடுக்கைவிடத் தச்சரின் திருகு கிளாம்ப் நல்லது என்றாலும், இலை அமிழ அமிழப் பிடி தளரும் என்பதால் அதை நாள்தோறும் முடுக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் பெரிக் புகையிலையைப் பீப்பாயில் திருகி அழுத்தி, இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மீண்டும் அழுத்தி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நாம் ஒரே இரவில் கட்டியை எதிர்பார்ப்பது பேராசை.

மேலே வெண்மை படர்ந்தால் நன்கு முதிர்ந்ததாகக் கொள்ளலாம் என்ற வரியைத் தாங்கள் அவசியம் திருத்த வேண்டும். பஞ்சுபோல் படர்ந்து பூசண வாடை அடித்தால் அது பூஞ்சணமே. மேலே தெரிவதைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் புகைப்பது தவறு, ஏனெனில் அதன் இழைகள் உள்ளேயும் ஓடியிருக்கும். கட்டி மெதுவாக எரிவதால் புகையின் சூடு குறையலாம். அதைக் கொண்டு கேடும் குறைவு என்று கட்டுரை முடித்திருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்