தேடல் அட்டவணையை நிறுத்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி மந்தமானால் விண்டோஸின் 'இண்டெக்சிங்' (தேடல் அட்டவணை) சேவையை நிறுத்திவிடுங்கள் என்னும் அறிவுரையைச் சென்னையில் பலரிடமும் கேட்கிறேன். திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை செய்யும் நானும் ஒரு பழுதுநீக்குபவரின் சொல்லை நம்பி அதை நிறுத்தினேன். கணினி சற்று வேகம் பெற்றது உண்மைதான். ஆனால் பழைய அழைப்பிதழ் ஒன்றை, உள்ளே இருக்கும் ஒரு பெயரைக்கொண்டு தேடியபோது, முன்பு நொடியில் கிடைத்தது தேநீர் குடித்து முடித்த பிறகும் கிடைக்கவில்லை.

கோப்புகளைப் பின்னணியில் படித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போன்ற ஒரு பட்டியலை வைத்திருப்பதே இச்சேவையின் வேலை. சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டியிருப்பதால் தாமதம் நன்றாகவே தெரியும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி பொருத்திய கணினியில் பெரும்பாலும் தெரியாது. ஏராளமான கோப்புகளைப் புதிதாக ஏற்றிய சில மணி நேரம் இச்சேவை மும்முரமாக இருப்பதும் இயல்பே. அதைக் கோளாறு என்று எண்ணி நிறுத்துபவர்களும் உண்டு.

முதலில், இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க்கை உண்மையில் எது பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். தேடல் சேவைதான் என்றால், கன்ட்ரோல் பேனலின் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' பகுதியில் புகைப்படம், பேக்கப் கோப்புறைகளை மட்டும் அட்டவணையிலிருந்து நீக்கினாலே போதும். தேடலே தேவைப்படாதவர்கள் விண்டோஸின் 'சர்வீசஸ்' (சேவைகள்) பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' என்பதை முடக்கலாம். பின்னர் வேண்டுமானால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.