நீ கேட்ட புல்வெட்டி

அன்பு நண்பா,

நான் நலம், நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டிகளில் நம்பி வாங்கக்கூடியது எது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். வேலை மிகுதியால் பதில் எழுதவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய் என்பதால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அதே வாரத்தில் என் புல்வெட்டி நின்றுபோனது. கொட்டகையில் அசையாமல் கிடக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இன்னொருவனுக்கு ஆலோசனை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது புதியது ஒன்று வாங்கி, ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஆகவே எழுதுகிறேன். கடிதம் நீளும். பொறுத்துக்கொள்.

பழைய இயந்திரத்தை யாருடைய பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். "வாங்குவதுதான் வாங்குகிறாய், பெரிய எஞ்சினாக வாங்கு" என்று நம் நண்பன் கப்பல்காரன் சொன்னான். நானும் 190 சிசி எஞ்சினும், தானே நகரும் சக்கரங்களும், விளம்பரத்தில் சொல்லப்பட்ட இன்ன பிற வசதிகளும் கொண்ட ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் ஆண்டு குறையொன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து, சில மாத ஓய்வுக்குப் பின் வெளியே எடுக்கும்போதெல்லாம், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் என்ற நிலை வந்த பிறகே அது உயிர்பெற்றது. எஞ்சின் மட்டம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். குற்றம் எஞ்சினுடையது அன்று, என்னுடையது என்பதைப் பழுது பார்ப்பவர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகமான கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டியபோதுதான் அறிந்தேன். அதன் அடியில் பிசினைப் போல ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பீறிட்டு வரவேண்டிய, ஊசிமுனை அளவே உள்ள ஜெட்டின் துளை அந்தப் படிவால் அடைபட்டிருந்தது.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்வதும் அந்த அடியிலிருந்துதான். காரில் வாராவாரம் பெட்ரோல் தீர்ந்து புதியது ஊற்றப்படுவதால் இந்தத் தொல்லை நமக்குத் தெரிவதில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஊற்றியதை மறந்துவிட்டுப் பருவம் முடிந்ததும் மூலையில் நிறுத்தும் புல்வெட்டியில்தான் அது வந்து சேர்கிறது. சிறிய எஞ்சின்களுக்கு 10 சதவீத எத்தனாலே உச்ச வரம்பு என்று தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே அச்சிடுகிறார்கள். நான் அந்தக் கையேட்டைப் பிரித்ததில்லை. நீயும் பிரிக்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு வை. அல்லது பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தைப் பெட்ரோல் புதிதாக இருக்கும்போதே ஊற்றிச் சில நிமிடங்கள் ஓட்டு. கெட்டுப்போனதை அந்த மருந்தால் மீட்க முடியாது. புல்வெட்டிகள் "கிளம்பவில்லை" என்று பழுது பார்ப்பவரிடம் வருவதில் பெரும் பங்கு இந்த ஒரு காரணத்தால்தான் என்று அவர் சொன்னார். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

இந்தப் பாடத்தை நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்டேன், அதுவே அடுத்த தவறுக்குக் காரணமாயிற்று. உன் கடிதம் வந்த வாரத்தில், உயரமாக வளர்ந்துவிட்ட புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கல்லின் மேல் புல்லை வெட்டும் அலகு மோதி, டமாரென்ற சத்தத்தோடு எஞ்சின் நின்றது. மறுபடி இழுத்தபோது கயிறு என் கையைப் பின்னோக்கிப் பறித்துக்கொண்டு போயிற்று. எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. எனக்குத்தான் விடை தெரியுமே! கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மாட்டினேன். மறுநாள் மீண்டும் கழற்றிக் கழுவினேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன். (இம்முறை திருகு எதுவும் மிஞ்சவில்லை, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.) மூன்று வாரம் கழித்து அதே மனிதரிடம் தலைகுனிந்து கொண்டுபோனபோது, அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. "எதன்மீதாவது மோதினீர்களா?" என்று மட்டும் கேட்டார், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி, விரல்நகம் அளவுள்ள ஓர் உலோகத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். அது பாதி அறுபட்டிருந்தது.

ஃப்ளைவீல் கீ என்பது அதன் பெயர். அலகைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் ஃப்ளைவீல் எந்த நிலையில் உட்கார வேண்டும் என்பதை அதுதான் பிடித்துவைக்கிறது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம், பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருளான காயிலைக் கடக்கும் கணத்தில் தீப்பொறி பிறக்கிறது. கீ சற்றே அறுந்து ஃப்ளைவீல் சில பாகைகள் நகர்ந்தாலும் பொறி தவறான நேரத்தில் பிறக்கும். பெட்ரோல், காற்று, பிளக் மூன்றும் குறையின்றி இருந்தும் எஞ்சின் கிளம்பாது. பல எஞ்சின்களில் இதை மென்மையான உலோகத்தில் செய்வதே இடிபடும்போது இது அறுபட்டு மற்றவற்றைக் காக்கட்டும் என்பதற்காகத்தான். கீயின் விலை ஒன்றுமில்லை. என் துரதிருஷ்டம், கிராங்க் ஷாஃப்ட்டும் வளைந்துவிட்டிருந்தது. அதை மாற்றுவதைவிடப் புதிய இயந்திரம் வாங்குவதே மேல் என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில் உன் கேள்வி என்னுடைய கேள்வியாயிற்று.

முதலில் எஞ்சின். குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்காதே. அமெரிக்காவில் புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்தி அச்சிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்து, 2010இல் அது சமரசத்தில் முடிந்தது. இன்று பெட்டிகளின்மேல் சிசியும் முறுக்குவிசையும் மட்டுமே இருப்பதை நீ காண்பாய். இருபத்தொரு அங்குல அலகைச் சுழற்ற 140 முதல் 170 சிசி வரையிலான நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தாராளமாகப் போதும். அதற்குமேல் உள்ள ஒவ்வொரு சிசியும் ஈரமான, முழங்கால் உயரப் புல்லை ஒரே வீச்சில் வெட்டுவதற்குத்தான் உதவும். அப்படி வெட்டவே கூடாது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருமுறையில் எடுத்தால் புல் வாடிவிடும். கப்பல்காரனிடம் இந்த வரிகளைக் காட்டாதே.

பெயரை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆனால் பெயர்களின் கதையைப் படித்த பிறகு தயக்கம் வந்துவிட்டது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்த ஹோண்டா, அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டி உற்பத்தியை 2023இல் நிறுத்திவிட்டது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020இல் திவால் பாதுகாப்பு கோரி, கைமாறி, பிறகும் எஞ்சின் செய்துகொண்டிருக்கிறது. மேலே ஒட்டிய பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் எஞ்சின் வேறொருவருடையதாகவும் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகையால் அலகை மூடியிருக்கும் கூட்டின் நிறத்தைப் பார்க்காமல், எஞ்சினின்மேல் பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள். அந்த எண்ணுக்குக் கார்புரேட்டர், கேஸ்கெட், ஏர் ஃபில்டர், ஃப்ளைவீல் கீ ஆகிய நான்கும் உடனே கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணத்தை எடு. நான் நம்பகம் என்ற சொல்லை இப்போது இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன். பழுதே ஆகாத எஞ்சின் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமைக் காலையில் நானே திறந்து, நானே மூடக்கூடிய எஞ்சினைப் பார்த்திருக்கிறேன், அதைத்தான் வாங்கினேன்.

தானே நகரும் சக்கரங்கள் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அதே காரணத்தால்தான். பெல்ட், பல்சக்கரப் பெட்டி, கேபிள் எல்லாம் தேய்பவை, கூட்டின் அடியில் புல்லும் மண்ணும் அப்பிக்கொள்ளும் இடத்திலேயே இருப்பவை. உன் தோட்டம் சமதளம் என்றால் அவை இல்லாமலேயே நடக்கும். சரிவு இருந்தால், உன் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன், வீறாப்புப் பேசாமல் நகரும் வகையையே வாங்கு, அதிலும் பின்சக்கரம் இழுப்பதாகப் பார்.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஃகுத் தகடு விலை குறைவு, வலுவானது, ஆனால் ஈரப்புல் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழும். வார்ப்பு அலுமினியம் துருப்பிடிக்காது, பலமாக இடித்தால் விரிசல் விடலாம். நான் எஃகையே வாங்கி, ஒவ்வொரு முறையும் சுரண்டித் துடைக்கிறேன். சக்கரங்களில் பேரிங் இருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்; வெறும் பிளாஸ்டிக் துளைக்குள் இரும்பு அச்சு உரசுவதாக இருந்தால் இரண்டே ஆண்டில் சக்கரம் ஆடத் தொடங்கும்.

துடைப்பதைப் பற்றி எழுதும்போது உன்னிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய அந்த வாரங்களில் ஒருநாள், அடியில் அடைத்திருந்த புல்லை எடுப்பதற்காக அதைச் சாய்த்து, அலகைக் கையால் சுற்றினேன். பிளக்கின் வயரைக் கழற்றவில்லை. அலகைச் சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றுவதுதான் என்று எனக்குத் தெரியாமலில்லை, ஆத்திரத்தில் மறந்துவிட்டேன். எஞ்சின் ஒரே ஒருமுறை பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது. என் கை அதற்கு அரைக்கணம் முன்புதான் வெளியே வந்திருந்தது. அன்று மாலைவரை நான் யாருடனும் பேசவில்லை. வீட்டில் இன்றும் இது தெரியாது. கைப்பிடியிலுள்ள தண்டை விட்டதும் மூன்று நொடிக்குள் அலகு நின்றுவிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982 முதல் இருக்கிறது, நீ வாங்குவதிலும் அந்தத் தண்டு வேலை செய்கிறதா என்று பார். ஆனால் அது எஞ்சின் ஓடும்போது காப்பதற்கு மட்டும்தான். கை கூட்டுக்கு அடியில் போவதற்கு முன் வயரைப் பிடுங்கிவிடு, பெட்ரோல் தீர்ந்திருந்தாலும் பிடுங்கிவிடு. சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேற்புறம் இருக்கட்டும், இல்லையென்றால் ஆயில் வழிந்து ஏர் ஃபில்டரை நனைத்துவிடும்.

ஆயில் என்றதும் நினைவு வந்தது. புதிய புல்வெட்டிகள் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேதான் வரும். ஆயில் ஊற்றாமல் ஓட்டிய கப்பல்காரனின் அந்த மூன்று நிமிடங்களை நான் நினைவூட்டத் தேவையில்லை. அரை லிட்டரைவிடச் சற்று அதிகம் பிடிக்கும், முதல் ஐந்து முதல் பத்து மணி நேர ஓட்டத்திலேயே அதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றிவிடு, ஏனென்றால் புது எஞ்சினின் உரசலில் உதிரும் நுண்துகள்கள் எல்லாம் அதில்தான் மிதக்கும், பிடித்துவைக்க இந்தச் சிறு எஞ்சின்களில் பொதுவாக ஆயில் ஃபில்டர் கிடையாது. பிறகு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது பருவத்துக்கு ஒருமுறை.

பேட்டரியில் ஓடுவதை வாங்கச் சொல்லி உன் மகள் சண்டை போடுவதாக எழுதியிருந்தாய். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறு பெட்ரோல் எஞ்சின்களின் புகை மோசமானது. கலிபோர்னியாவில் 2024 முதல் புதிதாகத் தயாராகும் இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலானவை புகையில்லாதவையாக இருக்கவேண்டும் என்றே விதித்துவிட்டார்கள். உன் புல்தரை ஒரே பேட்டரியில் முடிந்துவிடும் அளவென்றால், இந்தக் கடிதம் முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேள். இடம் பெரிது, புல் முரடு என்று நீ எழுதியதை நம்பித்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

1952இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் தம் வீட்டுக் கொட்டகையில் விக்டா புல்வெட்டியை முதன்முதலில் உருவாக்கியபோது பெட்ரோல் தொட்டியாக வைத்தது பழம் அடைத்து வந்த ஒரு தகர டப்பா. நான் வாங்கியதும் ஏறக்குறைய அந்த எளிமையில்தான் இருக்கிறது: 150 சிசி, இழுக்கும் கயிறு, நான்கு சக்கரங்கள், வேறொன்றும் இல்லை. ஓய்வுக்குப் பின் இரண்டாவது இழுப்பில் கிளம்பிற்று.

வாங்குவதற்கு முன் உன் தோட்டத்தின் மிகக் குறுகலான வாசலின் அகலத்தை அளந்து எழுது, சரிவு எவ்வளவு என்றும் எழுது. எஞ்சின் எண்ணை அனுப்பினால் உதிரிபாகங்களை நானே தேடிப் பார்க்கிறேன். புல்லுக்குள் கிடக்கும் கற்களை முதலில் பொறுக்கிவிடு. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதை இந்த முறையாவது மறைக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்