ஆகாயக் கப்பலுக்கு வலை பின்னித் தந்த ஐயாவுக்கு

வெள்ளம் வடிந்து வீடு முழுசாகக் காயவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த இரவு எங்கள் ஒழுங்கையில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விக்டோரியா காலத்து ஆகாயக் கப்பல்களைச் சின்ன மாதிரிகளாகச் செய்து மேசையில் ஆடும் எங்கள் ஆட்டம் சொன்ன நாளில் நடந்தது, மேசைக்கு மேலே கப்பல்கள் நின்றன. அது உங்களால்தான்.

பழைய கம்பிகளை நேராக்கித் தந்த சைக்கிள் கடை அண்ணா, உங்கள் கம்பியில்தான் எங்கள் கப்பல்கள் எல்லாம் நிற்கின்றன. பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை வாளியோடு கிண்ணியாவிலிருந்து வந்த நானா, நீங்கள் இல்லையென்றால் பெயின்டே அடித்திருக்க முடியாது. கப்பல் செய்யும் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைப்பலகை, தின்னர் பட்டால் கரைந்துவிடும், கம் பூசிக் காயவிட்டுத்தான் நிறம் கொடுக்கலாம். பால்மா டின் மூடிகளில் சுழலி வெட்டித் தந்த உப்புவெளிப் பிள்ளைகளுக்கும், மேசை தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மனம் நிறைந்த நன்றி.

அப்புறம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா.

அவரிடம் நான் கேட்கப் போனது கொஞ்சம் மெல்லிய நைலோன் நூல், அவ்வளவுதான். 1852இல் பாரிசிலிருந்து நீராவி இயந்திரத்தோடு பறந்த ஹென்றி ஜிஃபாரின் கப்பலைத்தான் நான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். அசல் 44 மீட்டர் நீளம், என்னுடையது இருநூறில் ஒன்று, 22 சென்டிமீட்டர். வெள்ளத்தில் ரெஜிபோமில் செய்த வாயுப்பை தப்பிவிட்டது, கீழே தொங்கும் தொட்டிலும் கயிற்று வேலையும் கூழாகிப்போயின. எதற்கு நூல் என்று ஐயா கேட்டார். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது வலைதானே தம்பி. நூலை ஒட்டினால் நிக்குமே? பின்ன வேணும். இஞ்ச தாரும்."

உண்மையில் அது வலைதான். ஜிஃபாரின் வாயுப்பை முழுவதும் ஒரு வலையால் போர்த்தப்பட்டிருந்தது. அந்த வலையிலிருந்து நீளமான ஒரு மரம் தொங்கியது, மரத்துக்குக் கீழே இயந்திரமும் ஆளும். முழுப் பாரத்தையும் பை முழுக்கப் பகிர்ந்து தாங்கியது வலை. இத்தனை காலம் நான் நூலைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்தேன், அது தொய்ந்துகொண்டே இருந்தது.

ஐயா தன் வேலையைத் தள்ளி வைத்தார். வலைக்கண் அளக்க ஒரு ஐஸ்கிறீம் குச்சியை நீளவாக்கில் பிளந்து எடுத்தார். வீச்சுவலையில் கீழே போகப் போகக் கண் கூட்டுவார்கள். இவர் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் குறைத்துக்கொண்டே போனார், இரண்டு கண்ணைச் சேர்த்து ஒரு முடிச்சு, அடுத்த வரிசையில் இன்னொன்று. பை முனையில் வலை உறை போலப் பிடித்துக்கொண்டது. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத கண்கள், ஒன்றுகூடக் கோணவில்லை. அவருடைய வலையும் அந்த மழையில் கிழிந்துதான் கிடந்தது. அதைப் பொத்த வேண்டிய பொழுதை எனக்குத் தந்தார்.

காசு வாங்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "புகைக்கூடு ஏன் கீழ பாக்குது?" மேலே இருப்பது தீப்பிடிக்கும் வாயு, பொறி அதில் படக்கூடாது என்றேன். "சரி, விசயம் தெரிஞ்ச ஆள்தான்" என்று ஜிஃபாரைப் பற்றிச் சொன்னார். நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய அந்த மனிதரைப் பக்கத்துப் படகுக்காரரைப் போல ஐயா மதித்ததை நான் மறக்கமாட்டேன்.

விக்டோரியா காலக் கற்பனை என்றால் பித்தளையும் பற்சக்கரமும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கப்பல்களைத் தூக்கிப் பிடித்தது முடிச்சுப் போடத் தெரிந்த கைகளும்தான். அந்தக் கைகள் நம் கரையில் இருக்கின்றன, நம் ஆட்டத்தில் மட்டும் இல்லாமல் இருந்தன. அடுத்த ஆட்டத்தில் கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வருகின்றன, சுவாமி மலைக்கு மேலே கட்டி நிற்கும். அதற்குள் நானே பின்னக் கற்றுக்கொள்வேன். உப்புவெளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஐயாவிடம் சொல்லியாயிற்று. காற்று எழும்பாத நாளாகப் பார்த்து விடிய வரச் சொல்லியிருக்கிறார்.