முதல் வில்லை வேகம் பார்த்து வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு முதல் காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் சக்கரங்கள் கொண்ட நவீன வில்) வாங்குவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அம்பு நொடிக்கு எத்தனை அடி பாய்கிறது என்பதையே வில்லின் தரத்துக்கு அளவுகோலாக வைத்திருந்தது. பென்சில்வேனியாவில் பல ஆண்டுகளாக வில்வேட்டைக்குச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் கைக்காசையும் இழப்பார், மானையும் சாகடிக்காமல் காயத்தோடு ஓடவிடுவார்.

விளம்பரத்தில் காணும் வேகம் 30 அங்குல இழுநீளம் (நாணை முழுதாக இழுக்கும்போது வரும் நீளம்), 70 பவுண்டு இழுவிசை (அப்படி இழுக்கத் தேவையான விசை), 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள இலேசான அம்பு ஆகியவற்றைக் கொண்டு அளக்கப்படுவது. நம்மவர்களில் பலருக்கு 30 அங்குல இழுநீளம் வராது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதன் நுனிவரை அளந்து, வரும் அங்குலத்தை 2.5 ஆல் வகுத்தால் உத்தேச இழுநீளம் கிடைக்கும். 68 அங்குலம் விரியும் கைகளுக்கு அது 27 அங்குலம்தான். இழுநீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10 அடி போய்விடும். இழுவிசையைக் குறைத்து, வேட்டைக்கு ஏற்ற கனமான அம்பைப் பூட்டினால் இன்னும் குறையும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி செல்வதால், எத்தனை ஆயிரம் டாலர் கொட்டி வாங்கிய வில்லானாலும் நாணின் ஓசைதான் மானை முதலில் எட்டும். அதைக் கேட்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்த, அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். ஆகவே ஓசை குறைந்த வில்லும், மான் 20 கெஜத் தொலைவுக்குள் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேகத்தைவிடப் பயன் தருவன.

இழுவிசையிலும் இதே மயக்கம் உண்டு. மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை விஸ்கான்சினில் 30 பவுண்டு, பென்சில்வேனியாவில் 35, ஒஹையோவில் 40. கூரான பிராட்ஹெட் (வேட்டைக்கான வெட்டுமுனை) பூட்டிய அம்பை நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டில் சரியாக விட்டால் 50 பவுண்டு தாராளமாகப் போதும். கடையில் நின்றுகொண்டு 70 பவுண்டை இழுத்துக் காட்டுவது ஒரு பொருட்டல்ல. நாற்காலியில் அமர்ந்து, வில்லை இலக்கை நோக்கி நேராகப் பிடித்தபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் நாண் பின்னால் வருகிறது என்றால் அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம். நவம்பர் குளிரில், மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் அசையாமல் மணிக்கணக்கில் அமர்ந்து தோள்கள் விறைத்த பிறகு இழுக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒருமுறை இழுத்து முடித்துவிட்டால் கேம்கள் எனப்படும் வில்முனைச் சக்கரங்கள் சுமையை ஏற்றுக்கொள்ளும். முழுதாக இழுத்ததும் சுமை 80 சதவீதம் தளரும் 60 பவுண்டு வில்லில் கை தாங்க வேண்டியது 12 பவுண்டுதான்.

விலைக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்களின் உயர்ரக வில்கள் சைட் (குறிபார்க்கும் கருவி), அம்புத் தாங்கி எதுவும் இல்லாமலேயே ஆயிரம் டாலரைத் தாண்டுகின்றன. முதல் வில்லுக்கு அவை தேவையே இல்லை. டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ போன்ற வில்லில் இழுவிசையை 5 முதல் 70 பவுண்டு வரையும், இழுநீளத்தை 13 முதல் 31 அங்குலம் வரையும் மாற்றிக்கொள்ளலாம். வேண்டிய துணைக்கருவிகளோடு சேர்த்தே விற்கிறார்கள். 45 பவுண்டில் தொடங்கிப் பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் அடுத்த ஆண்டு வேறு வில் தேட வேண்டியதில்லை. இழுவிசையைக் கூட்டும்போது வில்லின் மேல், கீழ்ப் பாகங்களைப் பிடித்திருக்கும் மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் ஒரே அளவு திருக வேண்டும். மிச்சமாகும் பணத்தை நல்ல ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி), இழுவிசைக்கு ஏற்ற விறைப்புள்ள அம்புகள், பயிற்சி இலக்கு ஆகியவற்றில் போடுவது புத்திசாலித்தனம். முதன்முறையாக வேட்டைக்குச் செல்பவர் எந்த வயதினராயினும் பென்சில்வேனியாவில் பயிற்சி வகுப்பை முடித்தே உரிமம் வாங்க முடியும் என்பதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். (இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இங்கே வில் வாங்கிய உற்சாகத்தில் ஊருக்குப் போய் யாரும் வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.)

பழைய வில்லை மலிவாக வாங்க நினைப்போர் வில்லின் கைகள் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்கள்) நெடுகப் பஞ்சுத் துண்டைத் தேய்த்துப் பார்க்கட்டும். இழை சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கக்கூடும். அம்பு பூட்டாமல் வெறும் நாணை இழுத்து விட்ட வில்லில் இத்தகைய விரிசல் வருவது வழக்கம். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. நாண் பிசிறு தட்டியிருந்தால் புது நாணின் விலையையும் அதை மாற்றும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பென்சில்வேனியா